"டீச்சர், குரங்குக்குப் பழம் கொடுக்கலாமா?" – பினாங்குக் காட்டோரம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் பெற்றோரையும் காட்டோரம் கூட்டிப் போகிறேன். தண்ணீர்மலை, கொடிமலை, தெலுக் பஹாங், சில சமயம் பினாங்குப் பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் உள்ள நிபோங் திபால். எங்கே போனாலும் வேனில் ஏறும்போதே இந்தக் கேள்விகள் ஆரம்பித்துவிடும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பினாங்குல எல்லாம் கட்டடம்தானே டீச்சர், பார்க்க அப்படி என்ன விலங்கு இருக்கு?

தீவின் நடு முதுகு முழுக்க இன்னும் காடுதான். கொடிமலையையும் அதைச் சுற்றிய காடுகளையும் வடமேற்கு மூலையில் உள்ள தேசியப் பூங்காவையும் கடலோரத்தையும் சேர்த்து 12,481 ஹெக்டர் பரப்பை, 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசிக் சினி, சபாவின் குரோக்கர் மலைத்தொடர் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது காப்பகம் இது.

கண்ணுக்கு வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் என்னும் மந்தி, மரத்துக்கு மரம் நூறு மீட்டர் வரைகூடச் சறுக்கிப் போகும் கூபோங் என்னும் பறக்கும் லெமூர், வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு, கடலோரத்தில் கூட்டமாக மீன் பிடிக்கும் நீர்நாய் என்று எத்தனையோ இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலிருந்தே லோத்தோங்கைப் பார்க்கும் குடும்பங்கள் தஞ்சோங் பூங்கா பக்கம் உண்டு.

மக்கள் நடத்துற பாதுகாப்புன்னு சொல்றீங்களே, அதுக்குத்தான் பெர்ஹிலித்தான் இருக்கே?

இருக்கிறது. தீபகற்பத்தில் காட்டுயிர்களுக்கான சட்டம் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. அதை அமல்படுத்துவது வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான். பிடிக்கவும் வழக்குப் போடவும் உரிமம் கொடுக்கவும் அவர்களுக்குத்தான் அதிகாரம்.

ஆனால் எந்த மரத்தில் எந்தக் கூட்டம் தூங்குகிறது, எந்த வளைவில் வாரத்துக்கு ஒரு குட்டி காரில் அடிபடுகிறது, எந்தச் சேற்றில் மீன் முட்டையிடுகிறது என்பதெல்லாம் பக்கத்தில் குடியிருப்பவருக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே குறித்துவைத்து, கூட்டம் சேர்த்து, அரசிடம் போய் நின்று, வேலையையும் முன்னின்று செய்தால் அதுதான் மக்கள் நடத்தும் பாதுகாப்பு. அப்படி நடந்த இரண்டு வேலைகளைக் கீழே குரங்குப் பாலம், கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் காடு பற்றிய பதில்களில் சொல்கிறேன்.

லோத்தோங்கும் கோயில் குரங்கும் ஒண்ணுதானே?

இல்லை. கோயில் படியில் பையைப் பிடுங்குவது கெரா, நீண்ட வால் குரங்கு. அது எதையும் தின்னும். கன்னத்தில் பை இருப்பதால் அவசரமாக அள்ளி அடக்கிக்கொண்டு ஓடும். லோத்தோங் பெரும்பாலும் இலை தின்னும் மந்தி. சாம்பல் உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை, கூச்ச சுபாவம். குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஆறு மாதத்துக்குள் மெல்ல மெல்லச் சாம்பலாகிவிடும். தாயின் சாம்பல் மார்பில் ஆரஞ்சு உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை ஒருமுறை பார்த்த பிள்ளை அதை மறக்காது.

இரண்டையும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்தில் உள்ளவை என்றுதான் பட்டியலிட்டிருக்கிறது. கெராவை அந்த நிலைக்கு உயர்த்தியது 2022-இல். "தெருவெல்லாம் திரியுதே, அதுவா அழியப்போகுது?" என்று எல்லாரும் கேட்பார்கள். தெருவில் நிறையத் தெரிவதற்குக் காரணமே காடு சுருங்கியதும் நாம் சோறு போடுவதும்தான்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறது புண்ணியம்தானே? அனுமார் வடிவமாச்சே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரியவர்கள் மனம் நோகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. என் பாட்டியே தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு சீப்புப் பழத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டியவர். அவர் பக்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழத்துக்குப் பிறகு குரங்குக்கு என்ன நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கையிலிருந்து பழம் வாங்கிப் பழகிய குரங்கு, மனிதக் கை என்றாலே சோறு என்று நினைக்கிறது. வெறுங்கையோடு வரும் குழந்தையையும் அது அப்படித்தான் பார்க்கும். சுலபமாகத் தீனி கிடைக்கும் இடத்தில் கூட்டம் பெருகும், பெருகிய கூட்டம் பக்கத்துத் தாமான் குடியிருப்பின் குப்பைத் தொட்டிக்கு இறங்கும், சமையலறைச் சன்னலைத் திறக்கும். குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பார்கள். புகார் சேர்ந்தால் கூண்டு வரும், சில சமயம் துப்பாக்கியும் வரும். நாம் புண்ணியம் என்று கொடுத்த பழம் கடைசியில் போய் நிற்கிற இடம் அது.

கும்பிடுங்கள், எட்ட நின்று பாருங்கள். ஊட்டவேண்டும் என்ற ஆசை இருந்தால் அந்தப் பழத்தைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தைப்பூசத்தின்போது பந்தல் போடுகிறவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மிச்சச் சோற்றையும் பாக்கெட் பானத்தையும் மூடிபோட்ட தொட்டியில் போட்டு அன்றிரவே அகற்றுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் 513 படிக்கும் அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் தாவரவியல் பூங்கா. விடிந்ததும் முதலில் வருபவை குரங்குகள்தான்.

ஒரே ஒரு பிஸ்கட்தானே, லோத்தோங் குட்டி பாவமா பார்க்குதே?

மேலே சொன்னது பழக்கத்தைப் பற்றி. லோத்தோங்குக்கு அதைவிட நேரடியான ஆபத்து உண்டு. மாட்டைப் போல அதன் வயிறு பல அறை கொண்டது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் இலையை மெல்லப் புளிக்க வைத்துச் செரிக்க வைக்கின்றன. அந்த வயிற்றில் சர்க்கரையும் மாவும் போய் விழுந்தால் வேகமாகப் புளித்து, வாயு கட்டி, வயிறு ஊதிப்போகும். குட்டி பாவமாகப் பார்க்கிறது என்றால் அது நம்மைப் பார்த்து வியக்கிறது, பசிக்காக அல்ல. அதற்கு வேண்டிய சாப்பாடு அது உட்கார்ந்திருக்கும் கிளையிலேயே இருக்கிறது.

குரங்கு எதிர்ல வந்தா என்ன செய்யணும்? கடிச்சிட்டா?

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், தோள்பைக்குள் வையுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு இரண்டுமே சண்டைக்கு அழைப்பு. முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறியில்தான் கடி விழும்.

கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 2015-இல் பினாங்கிலும் நாய்களிடம் வெறிநோய் கண்டறியப்பட்டது. அதனால் எந்த விலங்குக் கடியையும் மஞ்சள் பூசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடிபட்டோ வீட்டுக்குள் மாட்டிக்கொண்டோ காட்டு விலங்கு ஒன்று இருந்தால் பெர்ஹிலித்தானின் இலவச எண் 1-800-88-5151.

குரங்கு மலேரியான்னு ஒண்ணு இருக்காமே? அப்போ காட்டுப் பக்கமே போகக்கூடாதா?

இருக்கிறது. நோலெசி வகை மலேரியா. மனித மலேரியா உள்நாட்டில் பரவுவது 2018 முதல் நம் நாட்டில் இல்லை என்றாலும், இந்த வகை தொடர்கிறது. குரங்கைத் தொட்டோ பார்த்தோ வருவதில்லை. குரங்கைக் கடித்த காட்டுக்கொசு நம்மைக் கடித்தால்தான் வரும். அந்தக் கொசு அந்தி மயங்கியதும் கிளம்பும். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, இருட்டுவதற்குள் திரும்புவது என்று இருந்தால் போய்வரலாம். காட்டுக்குள் தங்கிவந்த சில வாரத்தில் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

தீயணைப்புத் தண்ணிக் குழாயில குரங்குக்குப் பாலம் கட்டினாங்களாமே, உண்மையா?

உண்மை. தெலுக் பஹாங்கில் இருக்கிறது. அந்தச் சாலை காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. முன்பு இருபுறக் கிளைகளும் மேலே தொட்டுக்கொண்டிருந்தன. கிளை போனதும் லோத்தோங் தரையில் இறங்கிக் கடக்கவேண்டி வந்தது. மரத்தில் அவ்வளவு லாவகமாகத் தாவும் பிராணி தாரில் இறங்கினால் தடுமாறும், காருக்கு ஈடுகொடுக்க முடியாது. மின்கம்பியைப் பிடித்துக் கடக்கப் பார்த்தால் அதுவும் ஆபத்து.

2016-இல் ஆய்வாளர் யாப் ஜோ லீன் தொடங்கிய 'லங்கூர் புரோஜெக்ட் பினாங்' குழுதான் இதைக் கையில் எடுத்தது. விஞ்ஞானிகள் மட்டும் இருந்த குழு அல்ல. மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் குடியிருப்பாளர்களும் தொண்டர்களாகச் சேர்ந்து, எந்தக் கூட்டம் எங்கே எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்பு இருந்ததால்தான் பாலத்தைச் சரியான இடத்தில் போட முடிந்தது. பத்தடி தள்ளிக் கட்டியிருந்தால் ஒரு குரங்குகூட ஏறியிருக்காது. 2019-இல், பயன்பாட்டுக்கு உதவாமல் ஒதுக்கிய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே கட்டினார்கள். அந்தப் பகுதிக் கூட்டத்தின் தலைவனான ஆண் லோத்தோங்கின் பெயரையே வைத்து 'ஆ லாய்ஸ் குரோசிங்' என்கிறார்கள்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு மரத்துக்கு நடுவே தட்டையான பட்டைகள் இழுத்துக் கட்டியிருக்கும், காற்றில் லேசாக ஆடும். தண்ணீர் பாயும்போது வெடிக்காமல் தாங்கிய கித்தான், வெயிலையும் மழையையும் தாங்கும். குரங்கின் கைக்குப் பிடிமானமாகவும் இருக்கும். லோத்தோங் மட்டுமல்ல, கெராவும் அணிலும் அதில் நடப்பதைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் சாலையோரம் நிற்கவிடாதீர்கள். அங்கே கார்கள் வேகமாக வரும்.

பந்தாய் கெராச்சுட்ல ஆமைக்குஞ்சு விட நம்ம பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைக்குமா?

கெராச்சுட் கடற்கரை தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நடந்தும் போகலாம், படகிலும் போகலாம். மேலே நன்னீர், அடியில் உப்புநீர் என்று இரண்டும் கலக்காமல் கிடக்கும் ஏரி அங்கேதான். பச்சை ஆமைகள் அந்த மணலில் முட்டையிடுகின்றன. மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் முட்டையைப் பத்திரமாக எடுத்துப் பொரிக்க வைக்கிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இருக்கும், பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் நீந்தித் தள்ளும் வேகம் உடம்பிலேயே வைத்து அனுப்பப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டியில் வைத்து, சனிக்கிழமை விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வேகம் தொட்டிச் சுவரில் முட்டியே தீர்ந்துபோகும். அதனால் எந்த ஊரிலும் "காசு கொடுத்தால் இப்போதே குஞ்சு விடலாம்" என்று யாராவது கூப்பிட்டால், குஞ்சு எப்போது பொரித்தது என்று கேளுங்கள். நல்ல இடத்தில் நீங்கள் நேரத்துக்கு ஏற்ப வரவேண்டும், குஞ்சு உங்களுக்காகக் காத்திருக்காது. இரவில் தாய் ஆமையைக் காண நேர்ந்தால் விளக்கு, ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். அதன் தலைக்கு முன்னால் போகாமல் பின்பக்கம் அமைதியாக உட்காருங்கள். திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் தோல்முதுகு ஆமைக் கூடுகள் இருந்தன. இப்போது அங்கே அவை வருவதே இல்லை என்னும் நிலை.

கண்டல் மரம் நடப் போகலாம்னு ஆபீஸ்ல கூப்பிடுறாங்க. சேத்துல இறங்கிப் படம் எடுத்துட்டு வர்றதுல என்ன பயன்?

யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. செபராங் பிறையின் தென்கோடியில், நிபோங் திபால் பக்கம், பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கம் இருக்கிறது. 1994-இல் மீனவர்களே தொடங்கியது. 'பிஃப்வா' என்றால் எல்லாருக்கும் தெரியும். இறால் பண்ணைக்கும் மேம்பாட்டுக்கும் கண்டல் காடு அழிய அழிய வலையில் மீனும் நண்டும் குறைவதைக் கண்ணால் பார்த்தவர்கள், காத்திராமல் தாங்களே நட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கான கன்று நட்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில்தான். அந்த நாளுக்குப் பிறகு, கண்டல் காடு கரைக்குத் தடுப்பு என்று அவர்கள் சொல்லிவந்ததை மற்றவர்களும் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

பாக்காவ் என்னும் கண்டல் மரத்தின் காய் மரத்திலேயே முளைவிட்டு, பச்சைப் பென்சில் போல நீளமாகத் தொங்கும். அதை நேராகப் பிடித்து, கூரான முனை கீழே இருக்கும்படி சேற்றில் செருக வேண்டும். தலைகீழாகச் செருகினால் போச்சு. எந்த உயரத்து நிலத்துக்கு எந்த மரம், எந்த நீர்மட்டத்தில் நடுவது என்பது மீனவருக்குத் தெரியும், அவர் காட்டும் இடத்தில்தான் நட வேண்டும். முழங்கால் வரை சேறு இழுக்கும். செருப்பைக் கட்டிக்கொள்ளாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

நீங்கள் தரும் பணம் கன்றுக்கும் கூலிக்கும் போகிறது. மீனவக் குடும்பத்துப் பெண்கள் ஜெருஜு என்னும் கண்டல் காட்டுச் செடியின் இலையில் தேநீர் போட்டுக் கொடுப்பார்கள், அதையும் வாங்குங்கள். இதில் இடிப்பது ஒன்றே ஒன்று: நடுவதற்கு நூறு பேர் வருகிறார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பிழைத்தது என்று பார்க்க வருபவர் அரிது. உங்கள் அலுவலகம் இரண்டாம் பயணத்துக்கும் தேதி குறித்துவிட்டு வந்தால் நல்லது.

நிபோங் திபால்ல மின்மினி பார்க்க எந்தப் படகுல போறது?

கிரியான் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்து மின்னும். இயந்திரத்தை அணைத்து ஓட்டத்தில் மிதக்கவிடும் படகுக்காரரைத் தேடுங்கள். மரத்தைப் பிடித்து உலுக்குபவர், டார்ச் அடிப்பவர், பூச்சியைப் பிடித்துக் குழந்தை கையில் கொடுப்பவர் வேண்டாம். மரத்தில் தெரிவது வளர்ந்த பூச்சி மட்டுமே. புழுப் பருவத்தில் அது கரைக்கு உள்ளே, ஈர நிலத்தில், நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை விட்டுவைத்து அதன் பின்னால் உள்ள புதரைச் சுத்தம் செய்தால்கூட மின்மினி அற்றுப்போகும்.

எல்லாரும் 'இக்கோ' டூர்னு போர்டு மாட்டியிருக்காங்க. எதை நம்புறது?

பலகையை விடுங்கள், ஆளிடம் பேசிப்பாருங்கள். நான் கேட்பது மூன்று: வழிகாட்டி இந்தக் கம்பத்துக்காரரா, அதாவது இந்த ஊர்க்காரரா? விலங்கு இன்று தென்படாவிட்டால் என்ன செய்வீர்கள்? ஒரு தடவைக்கு எத்தனை பேர்? "கட்டாயம் காட்டிடுவோம்" என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். கட்டாயமாகக் காட்ட இரண்டு வழிதான் உண்டு, தீனி போட வேண்டும் அல்லது கட்டிவைக்க வேண்டும். "பார்த்தால் அதிர்ஷ்டம், பார்க்காவிட்டால் காட்டைப் பார்ப்போம்" என்பவரோடு நம்பிப் போகலாம்.

விலை பேசும்போது ஐந்து வெள்ளி பத்து வெள்ளிக்கு இழுக்காதீர்கள். காட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடிந்தால்தான் அவர் பிள்ளையும் அந்தக் காட்டைக் காப்பாற்றுவான்.

லங்காவியில கழுகுக்குக் கோழித்தோல் போட்டாங்க, பிள்ளைங்க கைதட்டிச்சு. அதுல என்ன தப்பு?

குரங்குக்குச் சொன்னதேதான் கழுகுக்கும். கூடவே, மீன் பிடித்து வாழும் பறவைக்கு வெறும் தோலும் கொழுப்பும் முழுச் சாப்பாடு ஆகாது. படகுச் சத்தம் கேட்டால் கூடிப் பழகிய பறவை, தானே வேட்டையாடுவதும் குறையும். அடுத்த முறை ஏறும் முன்பே "தீனி போடாத பயணம் வேண்டும்" என்று கேளுங்கள். நாலு குடும்பம் கேட்டால் படகுக்காரர் மாற்றிக்கொள்வார், அவர் போடுவதே நாம் கைதட்டுகிறோம் என்பதால்தான்.

தேவாங்கைக் கையில வெச்சுப் படம் எடுத்தோம், சாதுவா இருந்துச்சே?

தேவாங்கின் கடியில் விஷம் உண்டு. அதனால் படத்துக்கு வைத்திருப்பவர்கள் பல்லை வெட்டிவிடுவார்கள். இரவில் விழிக்கும் பிராணி, பகல் வெளிச்சமும் ஃபிளாஷும் அதற்கு வேதனை. கையைத் தூக்கிக்கொண்டு இருப்பது கூச்சத்தால் அல்ல, முழங்கைப் பக்கம் விஷச் சுரப்பி இருக்கிறது, அது தற்காப்பு நிலை. நம் நாட்டில் அது முழுப் பாதுகாப்பு பெற்ற உயிர். எங்கே கண்டாலும் காசு கொடுக்காமல், மேலே தந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடலையே நிரப்புறாங்க. நான் ஒரு பிஸ்கட் போடாம இருந்தா என்ன மாறிடப் போகுது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோபத்தோடு கேட்டார், அந்தக் கோபம் நியாயமானது. தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகள், ஏறக்குறைய 4,500 ஏக்கர் என்று திட்டம் வந்தபோது தென்கரை மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் முறையிட்டதில், திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்குக் கிடைத்திருந்த ஒப்புதலை 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. பிறகு 2023-இல் நிபந்தனைகளோடு மறுபடி ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு மூன்று தீவு ஒன்றாகக் குறைக்கப்பட்டு, வேலையும் தொடங்கிவிட்டது. மீனவர்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு தீவு அளவுக் கடல் இன்னும் கடலாக இருக்கிறது.

பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பார்வைக்கு வைக்கும் நாட்கள் உண்டு. அதைப் படித்து எழுதுபவர்களில் தமிழர்கள் மிகக் குறைவு என்பது என் ஆதங்கம். பிஸ்கட்டை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது, கடிதம் எழுதுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஷிஃப்ட் வேலை, மாசத்துல ஒரு ஞாயிறுதான் கிடைக்கும். நான் என்ன செய்ய முடியும், டீச்சர்?

அந்த ஒரு ஞாயிறு போதும். காலை ஏழு மணிக்குத் தாவரவியல் பூங்காவுக்கு வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் லோத்தோங் இறங்கிவரும். பிள்ளையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தேதி, நேரம், எந்த மரம், எத்தனை பெரியது, எத்தனை குட்டி, என்ன தின்றது. அடுத்த மாதமும் அதே இடம், அதே நேரம். தெலுக் பஹாங் பாலம் இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்துதான் வந்தது என்று மேலே சொன்னேன் அல்லவா. சாப்பாட்டை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.